பழைய ராணுவ லாரிக்கும் ‘வி.ஏ.’ எண் வேண்டும்: சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: 50 ஆண்டு கடந்த ராணுவ லாரிகளை விண்டேஜ் வாகன விதிக்குள் சேர்ப்பதும், அவற்றை ஆய்வு செய்ய வேண்டிய முறையும்.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென்று 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனிப் பிரிவு சேர்த்தீர்கள். வண்டி எண்ணில் ‘வி.ஏ.’ எழுத்து, 10 ஆண்டுப் பதிவுக்கு ரூ.20,000 கட்டணம், மறுபதிவுக்கு ரூ.5,000, விண்ணப்பித்த 60 நாளில் சான்றிதழ் என்று எல்லாம் தெளிவாக இருந்தது. அன்றாட ஓட்டத்துக்கும் வாடகை ஓட்டத்துக்கும் இல்லை, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பராமரிப்புக்கும் மட்டும் என்ற நிபந்தனையும் நியாயமானது. பழைய கார் வைத்திருப்பவர்கள் அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

லாரி வைத்திருக்கும் எங்களுக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. விதி எல்1, எல்2 வகை இருசக்கர வண்டிகளையும் எம்1 வகை நான்கு சக்கர வண்டிகளையும் மட்டுமே பேசுகிறது. எம்1 என்றால் ஓட்டுநர் தவிர எட்டு பேருக்கு மேல் இருக்கை இல்லாத பயணிகள் வண்டி. பின்னால் பலகைத் தொட்டி வைத்த ராணுவ லாரி எந்தக் காலத்திலும் எம்1 ஆகாது. மொத்த எடையைப் பொறுத்து அது என்1 அல்லது என்2, அதாவது சரக்கு வண்டி. 1943-ல் கனடாவில் செய்து பர்மா முனைக்காக இந்தியாவில் இறக்கிய ஒரு மூன்று டன் செவர்லே, நேற்று ஷோரூமிலிருந்து வந்த மினி லாரியோடு ஒரே வரிசையில் நிற்கிறது. ஆண்டுதோறும் எஃப்.சி., சரக்கு வண்டிக் காப்பீடு, 3,000 கிலோவைத் தாண்டினால் பர்மிட் எல்லாம் அதற்கும் உண்டு. அந்தத் தொட்டியில் ஒரு மூட்டை ஏற்றிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

நாங்கள் கட்டணச் சலுகை கேட்கவில்லை. கார்க்காரர் கட்டும் அதே ரூ.20,000-ஐக் கட்டுகிறோம். எங்கள் முதல் கோரிக்கை ஒரே வரிதான்: சரக்கு ஏற்றுவதில்லை என்று உறுதிமொழி தரும் 50 ஆண்டு கடந்த என்1, என்2 வண்டிகளையும், ஆறு சக்கர ராணுவ வண்டிகளையும் விண்டேஜ் வண்டி எது என்று சொல்லும் விதி 81ஏ-யில் சேருங்கள். பிரிட்டனில் 1960-க்கு முன் செய்த சரக்கு வண்டி, சுமை இல்லாமல் ஓடும் வரை, கனரக வண்டிக்கான ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்குப் பெறுகிறது. ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்து அசல் நிலையில் உள்ள லாரிக்கும் காருக்குக் கொடுப்பது போலவே ‘எச்’ எழுத்துள்ள எண் பலகை கொடுக்கிறார்கள்.

என்னென்ன வண்டிகள் என்று கேட்பீர்கள். போர்க்காலத்தில் கனடா 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வண்டிகளைச் செய்தது. அவற்றில் பெரும் பங்கு ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஒரே வடிவமைப்பில் செய்த சி.எம்.பி. (கனடிய ராணுவ மாதிரி) வகை லாரிகள். பெரும்பாலும் வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் போருக்குப் பின் டிஸ்போசல் ஏலத்தில் வாங்கியவர்கள் எதையும் மாற்றாமலே நம் சாலையில் ஓட்டினார்கள். அடையாளம் காண்பது எளிது. எஃப் என்றால் ஃபோர்டு, சி என்றால் செவர்லே. 15 என்றால் 15 ஹண்ட்ரட்வெயிட், அதாவது முக்கால் டன். 60 என்றால் மூன்று டன். கடைசியில் எல் இருந்தால் நீளமான சேஸிஸ் சட்டம், எஸ் இருந்தால் குட்டைச் சட்டம். 13-ஆம் வகைக் கேபின் என்றால் முன்கண்ணாடியின் மேல் விளிம்பு முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், வேறு எந்த லாரியிலும் அந்த முகம் வராது. இவற்றோடு டாட்ஜ் ஆயுத வண்டிகள், ஜி.எம்.சி. ஆறு சக்கரங்கள் உண்டு. அடுத்த தலைமுறையாக ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் செய்த சக்திமானும், நிசான் ஒரு டன் வண்டியும் இருக்கின்றன. 1970-களின் தொடக்கத்தில் செய்த சக்திமான்கள் இப்போது 50-ஐத் தாண்டிவிட்டன. நாட்டின் பாதுகாப்பு இரண்டு போர்களில் ஏறிச் சென்ற வண்டி அது. அதற்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று கேட்பது அதிகம் இல்லை என்றே நம்புகிறோம்.

இரண்டாவது சிக்கல் தேதியில் இருக்கிறது. 50 ஆண்டை முதல் பதிவிலிருந்து எண்ணச் சொல்கிறது விதி. ராணுவ வண்டிக்கு எது முதல் பதிவு? மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி ராணுவம் தன் வண்டிகளைத் தானே பதிவு செய்கிறது, மேல்நோக்கிய அம்புக்குறியோடு வரும் எண் அது. படைப் பயன்பாட்டிலிருந்து நீங்கிய பிறகுதான் 39, 40-ஆம் பிரிவுகள் பொருந்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பொது எண் கிடைக்கும். 1972-ல் செய்து 1994-ல் ஏலம் போன சக்திமானின் ஆர்.சி. புத்தகத்தில் 1994 என்று இருந்தால், அந்த வண்டிக்கு வயது 50-க்கு மேலா, 30-க்கு மேலா? அலுவலகத்துக்கு அலுவலகம் வேறு பதில் வரும். ராணுவப் பதிவின் தேதியே முதல் பதிவு என்று ஒரு விளக்கம் எழுதுங்கள். அந்த ஆவணம் இல்லாத இடத்தில் கேபினில் ஆணியடித்த தகடும், சட்டத்தில் அடித்த சேஸிஸ் எண்ணும் காட்டும் தயாரிப்பு ஆண்டை ஏற்கலாம். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்க ஆய்வாளருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்: தகட்டில் உள்ள என்ஜின் எண்ணும் என்ஜினில் உள்ள எண்ணும் பொருந்தாமல் இருப்பது ராணுவ வண்டியில் இயல்பு. ராணுவத்தின் பழுதுபார்ப்புப் பிரிவான இ.எம்.இ.யின் பட்டறைகளில் பழுதான என்ஜினை இறக்கிவிட்டு, தயார் நிலையில் இருக்கும் வேறொன்றை ஏற்றி அனுப்புவதுதான் வழக்கம். அதைத் திருட்டு வண்டியின் அடையாளமாகப் பார்க்கக் கூடாது.

இனி மூன்றாவது, எங்களுக்கு மிக முக்கியமானது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ் சட்டம், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது விதி. நோக்கம் சரி. ஆனால் 1943-ன் அசல் வடிவம் என்பது ஒற்றைக் குழாய்ப் பிரேக்கையும் 6 வோல்ட் விளக்கையும் சேர்த்ததுதான். உயிர் காக்கும் சிறு மாற்றங்களை ‘மாற்றம்’ என்ற கணக்கில் சேர்த்தால், நேர்மையான உரிமையாளர் ஆபத்தான வண்டியை ஓட்டவும், மற்றவர் மறைத்து மாற்றவும் நேரும்.

பிரேக்கை எடுத்துக்கொள்வோம். சி.எம்.பி. மூன்று டன் வண்டியில் மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்ப ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே ஆயில் சுற்று. நான்கு சக்கரங்களில் ஏதோ ஒன்றின் ரப்பர் ஹோஸ் வெடித்தாலும் மிதி தரைக்குப் போய்விடும், நான்கிலும் பிரேக் இருக்காது. இப்படிப்பட்ட வண்டி ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவது அதிகம். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆறு மாதம் கொட்டகையில் நின்றால் அந்த ஈரம் வீல் சிலிண்டரின் அடியில் இறங்கி, சுவரில் குழி குழியாகத் துருவை உண்டாக்கும். பிறகு ரப்பர் கப் அந்தக் குழியின் மேல் ஓடும்போது கிழிந்து கசியும், அல்லது பிஸ்டன் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் பிரேக் போட்டவுடன் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரியில் கொதிக்கும் என்றால், ஈரமேறியது 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது டிரம் சூடாகி, ஆயில் கொதித்து, குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொன்னது இதனால்தான்.

ஆகவே ஒரு நல்ல உரிமையாளர் என்ன செய்ய வேண்டும் என்பதையும், ஆய்வாளர் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை முழுதாக வடித்து மாற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கிக் காற்றெடுக்க வேண்டும். ரப்பர் ஹோஸ் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் வைக்கக் கூடாது. பழைய ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். அழுத்தம் உள்ளே போகும், திரும்பி வராது, பிரேக் பிடித்தபடியே ஓடி டிரம் எரியும். குழியான வீல் சிலிண்டரைத் தேய்த்துத் தேய்த்துப் பெரிதாக்குவதைவிட, லேத்தில் கடைந்து துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளை ஸ்லீவ் அடிப்பதே நிரந்தரத் தீர்வு. இரும்புப் பைப்புக்குப் பதில் செம்பு-நிக்கல் பைப் போட்டால் துருக் கவலை இல்லை. வெறும் செம்புப் பைப் கூடாது, அதிர்வில் விரிசல் விடும். என்ஜின் ஆயிலோ வேறு கனிம எண்ணெயோ ஒரு சொட்டுக்கூட பிரேக்கில் கலக்கக் கூடாது. எல்லா ரப்பர் கப்பும் ஊதிவிடும். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ ஊற்ற விரும்பினால் எல்லா ரப்பரையும் மாற்றி, பைப்பைக் கழுவி, காய வைத்த பிறகே ஊற்ற வேண்டும், பழைய ஆயிலின் மேல் அல்ல.

மிதியின் வெற்றசைவு யாரும் பார்க்காத இடம். மிதியைக் கையால் அழுத்தினால் முதல் கால் அங்குலமாவது எதையும் தொடாமல் இறங்க வேண்டும். அந்த இடைவெளி இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் சிறிது முன்னேறியே நிற்கும்; ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சின்னஞ்சிறு துளையை அதன் கப் மூடிவிடும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக வழி இருக்காது. பத்து கிலோமீட்டர் ஓடியதும் நான்கு சக்கரமும் தானாகப் பிடிக்கத் தொடங்கும். ஆற விட்டால் சரியாகிவிடும் என்பதால் மெக்கானிக் வண்டியைப் பார்க்கும்போது குற்றமே தெரியாது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒற்றைச் சுற்று ஒற்றைச் சுற்றுதான். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை, சட்டத்தில் புதிய துளை போடாமல், பழைய தாங்கியிலேயே பூட்டலாம். முன் சக்கரமும் பின் சக்கரமும் தனித்தனியாகிவிடும். அசல் சிலிண்டரைக் கழற்றி எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்தால், எந்த நாளும் பழையபடி மாற்றிவிடலாம். இந்த மாதிரி, வெட்டாமல் வெல்டு வைக்காமல் திரும்பக் கழற்றக்கூடிய பாதுகாப்புச் சேர்க்கைகள் ‘பெரிய மாற்றம்’ ஆகாது என்று விதியில் எழுதுங்கள். இரட்டைச் சுற்றுப் பிரேக், திருப்ப விளக்கு, பின்பக்கம் உயரத்தில் ஒரு பிரேக் விளக்கு, பேட்டரி துண்டிப்பான், தீயணைப்பான் ஆகிய ஐந்தும் அந்தப் பட்டியலில் இருந்தால் போதும்.

அடுத்தது சக்கரம். ஆய்வாளர், உரிமையாளர், பஞ்சர் கடைக்காரர் மூவர் உயிரும் இதில் இருக்கிறது. போர்க்கால பிரிட்டிஷ், கனடிய லாரிகளில் பலவற்றுக்கு டிஸ்க் இரண்டு பாதியாகப் பிளந்த சக்கரம். இரண்டு பாதியையும் இறுக்கிப் பிடிக்கும் நட்டுகள் விளிம்புக்கு அருகே ஒரு வட்டமாக இருக்கும். சக்கரத்தை அச்சோடு பிடிக்கும் நட்டுகள் நடுவில் ஹப்பைச் சுற்றி இன்னொரு வட்டமாக இருக்கும். பஞ்சர் ஒட்ட வந்தவர் வெளிவட்ட நட்டைத் தவறிக் கழற்றினால், கடைசி இரண்டு மூன்று நட்டு மிச்சம் இருக்கும்போதே காற்றழுத்தம் போல்ட்டை அறுத்துக்கொண்டு அரைச் சக்கரத்தை முகத்தில் வீசும். டியூபில் 50 பவுண்டு காற்று நிற்கும்போது அந்தப் பாதிகளைப் பிரிக்கும் விசை டன் கணக்கில் இருக்கும். அதனால்தான் ராணுவம் வெளிவட்ட நட்டுகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தது. ஏலத்தில் வாங்கிய பலர் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும்போது அந்தச் சிவப்பையும் சேர்த்து மூடிவிட்டார்கள்.

சிவப்பு நட்டுச் சக்கரத்தில் வேலை தொடங்கும் முன் வால்வின் உள்ஊசியைக் கழற்றி, காற்று முழுதும் போனதைக் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். காற்றெல்லாம் போன பின்தான் ஸ்பானரை எடுக்க வேண்டும். பிரித்த பாதிகளில் துருவைச் சுரண்டி, போல்ட் இழை நீண்டிருக்கிறதா என்று புது நட்டை விரலால் ஓட்டிப் பார்க்க வேண்டும்; நட்டு பாதியில் சிக்கினால் போல்ட் இழுபட்டிருக்கிறது, தூக்கிப் போட வேண்டும். விரிசல் விட்ட சக்கரத்துக்கு வெல்டு வேண்டாம். டயர் மாட்டியிருக்கும்போது சக்கரத்தின் மேல் வெல்டு பொறியே படக் கூடாது, காற்றில்லாவிட்டாலும் கூடாது. காற்று ஏற்றும்போது கூண்டுக்குள் வைத்து, தானாகப் பிடித்துக்கொள்ளும் கவ்வி வைத்த நீள ஹோஸால், பக்கவாட்டில் நின்று ஏற்ற வேண்டும். முதலில் 10 பவுண்டு மட்டும் ஏற்றி நிறுத்தி, இரண்டு பாதியும் சுற்றிலும் ஒரே மாதிரி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே போகலாம். வளையம் வைத்த ரிம்முக்கும் இதே ஒழுங்குதான்.

டாட்ஜ், ஜி.எம்.சி. வண்டிகளின் இடப்பக்கச் சக்கரத்தில் நட்டு இடஞ்சுழி. போல்ட் முனையில் எல் என்று அடித்திருக்கும். தெரியாதவர் இரண்டு ஆள் உயரக் குழாயைப் போட்டு ‘கழற்றி’ இன்னும் இறுக்கிப் போல்ட்டை முறித்துவிடுவார். சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

டயர் அளவுக்கும் ஒரு வார்த்தை. மூன்று டன் சி.எம்.பி.க்கு அசல் அளவு 10.50-20. அது எளிதில் கிடைப்பதில்லை. நம் லாரிகளில் ஓடும் 9.00-20 நைலான் டயரைப் போட அனுமதிக்க வேண்டும். இல்லையென்றால் உரிமையாளர்கள் அசலைக் காப்பாற்றுகிறேன் என்று பிளந்துபோன பழைய டயரிலேயே ஓட்டுவார்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கத்தில் தயாரிப்பு வாரமும் ஆண்டும் இருக்கும்: 2316 என்றால் 2016-ன் 23-ஆவது வாரம். பட்டன் தேயவில்லை என்பது பழைய லாரியில் எதையும் நிரூபிக்காது. அணிவகுப்பு வண்டியின் டயர் ஓடித் தேய்வதில்லை, வெயிலில் காய்ந்து வெடிக்கும். ஆய்வாளர் பட்டனை அளப்பதோடு அந்த எண்ணையும் குறிக்கட்டும்.

என்ஜின் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. விதிக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறோம். செவர்லேயின் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜினில் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் தனி பேரிங் கிடையாது. ஒயிட் மெட்டல் என்ற மெதுவான உலோகக் கலவையை ராடிலேயே உருக்கி ஊற்றியிருப்பார்கள். ராடுக்கு ஆயில் அழுத்தத்தில் வருவதும் இல்லை. ராடின் அடியில் ஒரு சிறு கரண்டி இருக்கும். அடித்தட்டிலுள்ள நாசில் பீய்ச்சும் ஆயிலை அந்தக் கரண்டி அள்ளிக்கொண்டு போகும். அதனால் ஆயில் மீட்டர் 15 பவுண்டுக்கு மேல் காட்டாது, ஐடிலில் இன்னும் குறையும். அது நோய் இல்லை. நோய் என்று நினைத்துக் கெட்டியான ஆயிலை ஊற்றினால் நாசிலில் வரவேண்டிய அளவு குறைந்து, உண்மையான நோய் வரும். பல ஆண்டு பிரிக்காத என்ஜினில் இன்றைய டிடர்ஜென்ட் ஆயிலை நேராக ஊற்றினால் அடித்தட்டுச் சேறு கரைந்து நாசிலை அடைக்கும். முதலில் அடித்தட்டை இறக்கிக் கழுவ வேண்டும். ராடு தட்ட ஆரம்பித்தால், மூடியின் இருபுறமும் உள்ள ஷிம் என்ற மெல்லிய தகட்டு அடுக்கில் ஒவ்வொரு தாளாக எடுத்து இடைவெளியைக் குறைக்கலாம். ஷிம் தீர்ந்துபோனால் ஒயிட் மெட்டல் ஊற்றத்தான் வேண்டும். அந்த வேலை தெரிந்த கைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. எனவே இதே குடும்பத்தின் பிற்கால என்ஜினான, எல்லா பேரிங்குக்கும் அழுத்தத்தில் ஆயில் போகும் 235 செவர்லேயை ஏற்ற அனுமதி வேண்டும்.

ஃபோர்டு எஃப்60-ல் 239 கன அங்குல வி8. அதன் எக்ஸாஸ்ட் பாதை பிளாக்கின் தண்ணீர்ச் சட்டைக்குள்ளாகவே ஓடுவதால் சூடு அதிகம். தண்ணீர் கொதித்தால் ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன் பிளாக்கின் பின்கீழ்ப் பகுதியைக் கழுவ வேண்டும். வார்ப்பு மணலும் துருவும் கெட்டியாகப் படிந்திருக்கும். இரண்டு வாட்டர் பம்ப், இரண்டு தெர்மோஸ்டாட் என்பதை மறந்து ஒன்றை மட்டும் மாற்றுபவர்கள் நிறைய.

டீசல் மாற்றம் இதிலேயே வருகிறது. இந்நாட்டில் பழைய பெட்ரோல் லாரிகளில் கணிசமானவற்றுக்கு 1950, 60-களிலேயே டீசல் என்ஜின் ஏறிவிட்டது. சென்னை சிம்ப்சன் செய்த பெர்கின்ஸ் பி6 அதில் முக்கியமானது. அந்த மாற்றமே அரை நூற்றாண்டு கடந்த வரலாறு. ஆர்.சி.யில் அப்போதே பதிவான என்ஜின் மாற்றத்தை அசல் நிலையின் பகுதியாக ஏற்க வேண்டும் என்று கேட்கிறோம். பெட்ரோல் என்ஜின் தேடி அலைந்து, ஓடிக்கொண்டிருக்கும் பி6-ஐக் கழற்றி எடைக்குப் போட வைக்கும் விதி வரலாற்றைக் காக்காது.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னொரு நடைமுறைச் சங்கடம். பழைய கார்பரேட்டரின் ஆக்சிலரேட்டர் பம்பில் தோல் வட்டு இருக்கும். டேங்க் மீட்டரின் மிதவை அரக்கு பூசிய கார்க்காக இருக்கும். எத்தனால் என்பது சாராயம்தான், அரக்கு சாராயத்தில் கரையும். பூச்சு போன கார்க் பெட்ரோலைக் குடித்து மூழ்கும், மீட்டர் எப்போதும் காலி என்று காட்டும். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் வீங்கிக் கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் ‘கூடி’ப் பெட்ரோல் வாசம் வந்தால் அந்த நிமிடமே என்ஜினை நிறுத்த வேண்டும். டயாஃப்ரத்தையும் ஹோஸையும் விட்டான் வகை ரப்பரில் மாற்றி, மிதவையைப் பித்தளையில் செய்து, மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டி, அணிவகுப்பு முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டால் சமாளிக்கலாம். இந்த மாற்றங்களும் குற்றமாகக் கூடாது.

6 வோல்ட் வயரிங்கில் ஒரே விதி: தடிமன். அதே வெளிச்சத்துக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும் என்பதால், 12 வோல்ட் கார் கேபிளைப் போட்டால் செல்ஃப் மோட்டார் முனகும், கேபிள் சுடும். செல்ஃபுக்கு 50 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத கேபிளும், பெயின்ட் சுரண்டி இறுக்கிய எர்த்தும் வேண்டும். பருத்தி நூல் சுற்றிய பழைய வயர் விரல் பட்டாலே உதிரும். அதை அப்படியே வைத்திருப்பது தீயை வைத்திருப்பது.

ஆய்வு நிலையம் பற்றி. தானியங்கிச் சோதனை நிலையத்தின் ரோலர் மேல் நான்கு சக்கர இயக்க லாரியை ஏற்றுமுன் முன் ஆக்சில் லீவர் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ரோலர் பின்சக்கரத்தைச் சுழற்ற, முன்சக்கரம் வண்டியை இழுத்துக்கொண்டு வெளியே பாயும். ஜி.எம்.சி. போன்ற ஆறு சக்கர வண்டியில் பின் ஆக்சில் இரண்டும் கியரால் சேர்ந்தே ஓடும். ஒன்றை மட்டும் ரோலரில் சுழற்றினால் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியில் முறுக்கேறிப் பல் உடையும், அளவும் பொய்யாக வரும். இந்த வண்டிகளுக்கு ரோலர் வேண்டாம். கேபின் தரையில் வைக்கும் டேப்ளி போன்ற வேகக்குறைப்பு மீட்டரோடு, காலியான நேர்ச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டுப் பார்ப்பதே சரி. நேராக நிற்கிறதா, மிதி இரண்டாம் முறையும் அதே உயரத்தில் இருக்கிறதா, என்ஜினை நிறுத்தி, பிரேக்குக்குத் துணைபோகும் வாக்குவத்தைத் தீர்த்த பிறகும் பிடிக்கிறதா என்ற மூன்றையும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

சரக்கு லாரிகளுக்கான பின்புற இடைத்தடுப்புக் கம்பி, பக்கக் கம்பி, ஒளிரும் பட்டை ஆகியவற்றிலிருந்து விலக்கு வேண்டும். பின் கம்பிக்காக வெல்டு வைத்தால் இழுவைக் கொக்கியின் இடமே போய்விடும். கைபடாத சேஸிஸ் சட்டம் ஒரு முறை வெட்டுப்பட்டால் பட்டதுதான். சாலையில் ஓடும் நாளில் காந்தத்தில் ஒட்டும் ஒளிரும் பட்டையும் சிவப்பு முக்கோணமும் கட்டாயம் என்று வையுங்கள், மனதார ஏற்கிறோம்.

கடைசியாக வண்ணம். ராணுவத்தைத் தவிர யாரும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது விதி 121. காரணம் எங்களுக்குப் புரிகிறது, அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அசல் வடிவம் வேண்டும் என்று ஒரு விதியும், அசல் வண்ணம் கூடாது என்று இன்னொரு விதியும் ஒரே வண்டியின் மேல் நிற்கின்றன. எல்லா ராணுவ வண்டியும் ஆலிவ் பச்சை இல்லை. போரின் தொடக்கத்தில் காக்கிப் பச்சை, நடுவில் எஸ்.சி.சி.2 என்ற பழுப்பு, 1944-க்குப் பின்தான் எஸ்.சி.சி.15 என்ற ஆலிவ், பாலைவன முனையில் மணல் நிறம் என்று மாறிக்கொண்டே வந்தது. பழுப்பும் மணல் நிறமும் இன்றைக்கே சட்டப்படி சரி என்று ஒரு விளக்கச் சுற்றறிக்கை அனுப்புங்கள். ஆலிவ் நிறத்திலேயே பிறந்த வண்டிகளுக்கு, வி.ஏ. எண் பலகை முன்னும் பின்னும் இருக்கும் வரை, அம்புக்குறி எண்ணோ இன்றைய படைப்பிரிவின் சின்னமோ எழுதாத வரை, அந்த நிறத்தை அனுமதியுங்கள். அணிவகுப்புக்கு முன் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுக்கும் நிபந்தனையையும் சேர்க்கலாம்.

சேஸிஸ் எண் எந்த வண்டியில் சட்டத்தின் எந்த இடத்தில் இருக்கும், தகட்டை எப்படிப் படிப்பது, சிவப்பு நட்டு எது என்பதைப் படங்களோடு ஆய்வாளர்களுக்காகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தர நாங்கள் தயார். வண்டிகளையும் கொண்டுவந்து நிறுத்துகிறோம். உங்கள் அலுவலர்கள் அடியில் படுத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
பழைய ராணுவ லாரிகளை வைத்திருப்போரும் அவற்றுக்கு வேலை செய்யும் மெக்கானிக்குகளும்